பழைய சொகுசு செடான் வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய சொகுசு செடான் கார்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவற்றுக்கே.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். தினமும் வீட்டுக்கும் கடைக்குமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம். வாரம் ஒரு முறை கோவை அல்லது கரூர். மாதம் ஒரு முறை குடும்பத்துடன் சென்னை. பதினெட்டு லட்சம் ரூபாய்க்குள் மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 2017ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 320டி, 68,000 கி.மீ. ஓடியது, 2016ஆம் ஆண்டு மெர்சிடிஸ் சி.எல்.ஏ. 200டி, 54,000 கி.மீ.; 2018ஆம் ஆண்டு ஆடி ஏ3 பெட்ரோல், 41,000 கி.மீ. "இந்தப் பணத்துக்குப் புதிய காரே வாங்கலாமே" என்கிறார்கள் வீட்டில். உங்கள் கருத்து என்ன?
– ஈரோடு வாசகர்

பதில்: வீட்டில் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். நீங்கள் பார்த்த மூன்றில் ஒன்றைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அது ஆடி ஏ3.

2017 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்த மேம்படுத்தப்பட்ட ஏ3 பெட்ரோல் காரில் இருப்பது 1.4 லிட்டர், 150 குதிரைத்திறன் டர்போ எஞ்சின். சுமை குறைவாக இருக்கும்போது நான்கில் இரண்டு சிலிண்டர்களை நிறுத்தி எரிபொருளை மிச்சப்படுத்தும். ஏழு கியர் கொண்ட, உலர் வகை (எண்ணெயில் மூழ்காத) இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். 2022இல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் காரின் 1.5 லிட்டர் எஞ்சின் இதே குடும்பத்தின் அடுத்த வாரிசு. அதே 150 குதிரைத்திறன், அதே இரு சிலிண்டர் நிறுத்தம், அதே வகை கியர்பாக்ஸ். குளோபல் என்கேப் 2023இல் நடத்திய மோதல் சோதனையில் விர்டஸ் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அப்படியானால் ஏழெட்டு வயதான ஏ3இல் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பவை உட்புறத்தின் தரம், கேபினின் அமைதி, முகப்பில் உள்ள நான்கு வளையங்கள் ஆகியவையே. இழப்பது முழு உத்தரவாதம். உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊர்ந்து செல்லும் நெரிசலில் சூடேறி அலுத்துப்போகும் இயல்புடையது. அதன் கட்டுப்பாட்டு அலகு பழுதானால் செலவு லட்சத்தைத் தொடக்கூடும். அந்தச் செலவு உத்தரவாதக் காலத்துக்குள் வருவது வேறு, எட்டாம் ஆண்டில் உங்கள் சட்டைப்பையிலிருந்து போவது வேறு. எனவே ஏ3ஐப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்பதே என் கருத்து.

சி.எல்.ஏ. அழகான கார், அந்த அழகுதான் அதன் சிக்கலும். பின்நோக்கிச் சரியும் கூரை காரணமாகப் பின் இருக்கையில் தலைக்கு இடம் குறைவு. சற்று உயரமானவர்களும் வயதானவர்களும் குனிந்து ஏற வேண்டியிருக்கும். தாழ்ந்த முகப்பு நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஏற்றதன்று. 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் நீடித்து உழைக்கும். ஆனால் 136 குதிரைத்திறன்தான், சத்தமும் சற்று அதிகம். தனியாகவோ இருவராகவோ செல்பவர் என்றால் யோசிக்கலாம். மாதந்தோறும் குடும்பத்துடன் சென்னை போய் வருபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீதமிருப்பது 320டி. புதிய கார் தராத ஒன்றை இந்தப் பணத்தில் உண்மையாகவே தருவது இதுதான். பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிர்ந்த எடை, 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் என்ற சேர்க்கை, இன்று பதினெட்டு லட்சத்துக்குக் கிடைக்கும் எந்தப் புதிய செடானிலும் இல்லை. சேலம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியவுடன் இந்த வேறுபாடு உங்களுக்கே விளங்கும். இந்தியாவில் விற்ற 3 சீரிஸ் கார்கள் செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள ஆலையில் பொருத்தப்பட்டவை. ஆனால் உதிரிபாக விலையில் அதனால் உள்ளூர்ச் சலுகை ஏதும் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்தத் தலைமுறை 3 சீரிஸ் 2012 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தது. 2016 ஜனவரியில் மேம்படுத்தப்பட்டது. அந்த மேம்பாட்டுக்கு முந்தைய கார்களில் இருந்த என்47 என்னும் டீசல் எஞ்சினில், உள்ளுறுப்புகளை ஒத்திசைவாக இயக்கும் டைமிங் சங்கிலி, கியர்பாக்ஸை ஒட்டிய பின்புறத்தில் இருக்கும். அது தளர்ந்தால் பிரித்துச் சரிசெய்வதே பெரும் வேலை. அறுந்தால் எஞ்சினே போகும். 2016க்குப் பின் வந்த பி47 எஞ்சினிலும் சங்கிலி அதே இடத்தில்தான் உள்ளது என்றாலும், அந்த அளவுக்குப் புகார்கள் எழவில்லை. எனவே ஆர்.சி.யில் பதிவு ஆண்டை மட்டும் பார்க்காமல் உற்பத்தி மாதத்தையும் பாருங்கள். காலையில், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது, நீங்களே ஸ்டார்ட் செய்து, சங்கிலியின் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். விற்பவர் முன்கூட்டியே வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டியதில்லை என்பது கார் நிறுவனத்தின் பழைய நிலைப்பாடு. ஆனால் கியர்பாக்ஸைத் தயாரித்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. நீங்கள் பார்த்த வண்டி 68,000இல் நிற்கிறது, ஆகவே அந்தச் செலவு உங்கள் காலத்தில்தான் வரும். எண்ணெய்த் தட்டும் வடிகட்டியும் ஒரே துண்டாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இதே போல, வெளியேற்றப் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக 2018இல் பல நாடுகளில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. இந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு நிலுவையில் எந்தத் திருத்தப் பணியேனும் உள்ளதா என்பதை, பதினேழு இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதே எண்ணைக் கொண்டு சர்வீஸ் வரலாற்றையும் எடுக்கலாம். ஓடோமீட்டரைத் திருத்துபவர்கள் உண்டு. ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டர் வரிசையைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று.

பலரும் கணக்கில் தவறுவது ஓரிடத்தில்தான். காரின் விலை காலப்போக்கில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் அதன் ஹெட்லைட்டின் விலை, ஷாக் அப்சார்பரின் விலை, பணிமனைக் கூலி எதுவும் இறங்கவில்லை. பதினேழு லட்சம் கொடுத்து வாங்கினாலும் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் பராமரிப்புச் செலவைத்தான் ஏற்கிறீர்கள். காற்று போனாலும் சிறிது தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்கள் இதில் உள்ளன. உபரி டயர் வைக்கத் தனியாக இடம் ஒதுக்கப்படவில்லை. பள்ளத்தில் இறங்கிப் பக்கச்சுவர் வீங்கினால் பஞ்சர் கடையில் ஒட்டவைக்கும் பேச்சே இல்லை, புதிதுதான். எனவே பதினெட்டு லட்சத்தில் பதினாறுக்குள் வண்டியை முடித்து, இரண்டு லட்சத்தை வங்கியில் தொடாமல் வையுங்கள். முழு பட்ஜெட்டும் வண்டி விலைக்கே போகுமென்றால், வீட்டில் சொல்வதைக் கேட்பதே நல்லது.

பேரத்துக்கு ஒரு பிடி உங்களிடம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் என்று ஆனது. அதற்கு முன் 1500 சிசிக்கு மேற்பட்ட செடான்களுக்கு ஜி.எஸ்.டி.யும் மேல்வரியும் சேர்ந்து 48 சதவீதம். புதிய காரின் விலை இறங்கியபோது பழைய காரின் விலையும் இறங்கியாக வேண்டும். அந்தத் தேதிக்கு முந்தைய விலையைக் காட்டி யாரேனும் பேசினால் ஏற்க வேண்டாம்.

எஞ்சின் நன்றாகச் சூடேறாத குறுகிய ஓட்டம் டீசலுக்கு ஆகாது என்பார்களே, தினசரி ஓட்டம் குறைவாக இருக்கும்போது டீசல் சரிப்படுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். வாரம் ஒரு முறை கோவை வரை நன்றாக ஓடிவிடுவதால் உங்கள் விஷயத்தில் அது பெரிய தடையன்று. ஊருக்குள் மட்டுமே ஓட்டுபவராக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: டெல்லிப் பதிவெண் கொண்ட 2017 சி-கிளாஸ் டீசல் ஒன்று, இங்குள்ள விலையைவிட ஐந்து லட்சம் குறைவாகக் கிடைக்கிறது. வண்டியில் ஏதோ குறை இருப்பதால்தான் இவ்வளவு மலிவா?
– மதுரை வாசகர்

பதில்: குறை வண்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025இல் இடைக்காலத் தளர்வுகள் வந்தாலும், வாங்குபவர்களின் அச்சம் விலகவில்லை. அங்கே ஆயுள் முடியப்போகும் அந்த வண்டிக்குத் தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டு வரம்பு இல்லை. பதினைந்து ஆண்டு வரை பதிவு செல்லும், பிறகு தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பிக்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு: கடலோர உப்புக்காற்றுப் படாத வண்டி என்பதால் அடிப்பகுதியில் துரு குறைவாகவே இருக்கும். நம் சென்னை வண்டிகளைப் பற்றி இவ்வாறு சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஐந்து லட்சம் முழுவதும் உங்களுக்கு மிச்சமாகாது. வேறு மாநிலப் பதிவுள்ள வாகனத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி இங்குள்ள பதிவெண்ணைப் பெற்றாக வேண்டும். அப்போது கட்ட வேண்டிய ஆயுள் வரி, நீங்கள் கொடுத்த விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. வண்டி புதிதாக விற்றபோது இருந்த விலையை அடிப்படையாகக் கொண்டு, வயதுக்கேற்ற கழிவுடன் கணக்கிடப்படுகிறது. நாற்பது லட்சத்துக்கு விற்ற காருக்கு அந்தத் தொகை எளிதாக இலட்சங்களில் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தொகையைக் கேட்டறிந்துவிடுங்கள். டெல்லியில் ஏற்கெனவே கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கோர வழியுண்டு. அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

படிவம் 28இல் தரப்படும் தடையில்லாச் சான்று, உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்கள், வங்கிக் கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான 35ஆம் படிவம் ஆகிய அனைத்தும் கைக்கு வந்த பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும். 2017 வண்டிக்கு அங்கே 2027இல் பத்தாண்டு நிறைவடைகிறது. அதற்குள் தடையில்லாச் சான்று வாங்கிவிடுவது அவசியம். "லாரியில் ஏற்றிவிட்டேன், காகிதங்கள் பின்னாலேயே கூரியரில் வரும்" என்று சொல்லும் புரோக்கரிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய சொகுசுக் கார்களைப் பளபளப்பாக்கி விற்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சாதாரண மனிதரால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: முடியும், பொறுமை இருந்தால். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பீடு கொடுத்துக் கழித்த வண்டிகள் ஏலத்தில் போய், சரிசெய்யப்பட்டு, அதே ஆர்.சி.யுடன் சந்தைக்குத் திரும்பி வருவது உண்டு. சாதாரணக் காரைவிடச் சொகுசுக் காரில் இது கூடுதல் ஆபத்து. ஏனெனில் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகுகளும் வயர் இணைப்புகளும் தரைவிரிப்புக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழும் டிக்கியின் பக்கங்களிலும் இருக்கின்றன. ஈரம் புகுந்த இணைப்பு உடனே கெடாது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும். மறு வாரம் பவர் ஜன்னல் வேலை செய்யாது. எந்தப் பட்டறையிலும் காரணம் பிடிபடாது.

நான்கு இருக்கைகளின் சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டின் உள்சுற்றில் படிந்த சேற்றுக்கோட்டை மறந்துவிடுவார்கள். இருக்கைத் தண்டவாளங்களைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கக்கூடாது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 3 சீரிஸ் போன்ற கார்களில் பேட்டரியே அங்குதான் இருக்கிறது. பத்தாண்டுப் பழைய காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருப்பதும், வாசனைத் திரவியம் மூக்கைத் துளைப்பதும் நல்ல அறிகுறிகள் அல்ல. சர்வீஸ் வரலாற்றில் 2024இன் முதல் சில மாதங்களைக் குறிப்பாகப் பாருங்கள்: கட்டுப்பாட்டு அலகுகள் வரிசையாக மாற்றப்பட்டிருந்தாலோ, அதுவரை ஒழுங்காக இருந்த பதிவுகள் திடீரென்று நின்றுபோயிருந்தாலோ, கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. காப்பீட்டுக் கோரிக்கை விவரத்தையும் விற்பவரிடமிருந்தே எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: ஒன்பது ஆண்டுப் பழைய ஆடி ஏ4 வாங்கப் போகிறேன். முழுக் காப்பீடு எடுத்துவிட்டால் பழுதுச் செலவு பற்றிக் கவலை இல்லைதானே?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: கவலை இருக்கிறது. முதலாவது, வாகனக் காப்பீடு பாகங்கள் ஓடித் தேய்வதையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கே அது. இரண்டாவது, விபத்துச் செலவிலும் முழுத் தொகை வராது. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானமாகக் கழித்துக்கொள்வார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. உலோகப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு. இன்றைய சொகுசுக் காரில் முன்பக்க மோதலில் முதலில் உடைவது பம்பரும் ஹெட்லைட்டும். எல்.இ.டி. ஹெட்லைட் ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டக்கூடும். அதில் பாதி உங்களுடையது. இந்தக் கழிவைத் தவிர்க்கும் தேய்மானமில்லாக் காப்பீட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வரையுள்ள கார்களுக்கே எளிதில் தருகின்றன.

மூன்றாவது, ஐந்து ஆண்டு வரை காரின் காப்பீட்டு மதிப்புக்கு அட்டவணை உண்டு. ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதக் கழிவு. அதற்கு மேல், மதிப்பு என்பது உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்புதல்தான். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பை மிகத் தாழ்த்தி எழுதிவிடாதீர்கள்: சொகுசுக் காரில் ஒரு நடுத்தர விபத்தே அந்த மதிப்பின் முக்கால் பங்கைத் தொட்டு, வண்டியை முழு இழப்பாக்கிவிடும். கோரிக்கையில்லாச் சலுகை (நோ கிளைம் போனஸ்) முந்தைய உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. அவருடைய 50 சதவீதச் சலுகையை உங்கள் கணக்கில் காட்டும் முகவரை நம்பாதீர்கள்.

கேள்வி: 2015 ஆடி ஏ3 பெட்ரோல் வைத்திருக்கிறேன். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றலாமா?
– திருச்சி வாசகர்

பதில்: நம் பம்புகளில் இப்போது பொதுவாகக் கிடைப்பதே அதுதான் என்பதால் தெரிவு உங்கள் கையில் அதிகம் இல்லை. அந்தக் காலத்துக் கார்கள் பத்து சதவீதம் வரையிலான கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை; மைலேஜ் சற்றுக் குறையும். எரிபொருள் குழாய்களின் ரப்பர் பகுதிகளை ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலுடன் வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்க வேண்டாம்.

கேள்வி: என் சி.எல்.ஏ. காரை ஒரு வியாபாரிக்கு விற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. பணம் வந்துவிட்டது, ஆனால் ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. "பார்ட்டி கிடைத்ததும் நேராக அவர் பெயருக்கே மாற்றிவிடலாம்" என்கிறார். காத்திருக்கலாமா?
– வேலூர் வாசகர்

பதில்: ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. பெயர் மாறாத நிலையில் அந்த வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வியாபாரிகள் இரட்டைப் பெயர் மாற்றத்தின் செலவையும், ஆர்.சி.யில் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடுவதையும் தவிர்க்கவே இப்படி இழுத்தடிக்கிறார்கள். முதல் ஓனர் வண்டி என்று சொல்லி விற்றால்தானே விலை கிடைக்கும்.

29ஆம் படிவத்தின் நகலில் வியாபாரியின் கையொப்பம், வண்டியை ஒப்படைத்த நாள், நேரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் விற்பனையைப் பதிவுத் தபாலில் உடனே தெரிவியுங்கள். இது உங்கள் பொறுப்பை முழுவதும் நீக்கிவிடாது. பெயர் மாற்றமே அதை உறுதியாகச் செய்யும். ஆகவே, வியாபாரியின் பெயருக்காவது மாற்றிக்கொள்ளும்படி நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். அந்த நாளும் தவறினால், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புவதில் தயக்கம் வேண்டாம்.